மூன்றடி வழி

மணிக்கூண்டு பக்கத்துத் தெருக்களில் 'அனைவரும் வருக' என்று நோட்டீஸ் ஒட்டினோம். ராயப்பேட்டையில் எங்கள் பகுதிப் பூங்காவில் நடந்த முதல் கூடுகைக்கு முப்பது பேர் வந்தார்கள். முப்பத்தோராவது ஆள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். சக்கர நாற்காலியில் வந்த பத்து வயதுச் சிறுமி. பைக்கும் மாடும் நுழையாமலிருக்க இரும்புக் குழாய் நட்டு வழியை வளைத்திருந்தார்கள். ஒல்லியான ஆளே உடம்பைத் திருப்பித்தான் நுழையவேண்டும்.

"பரவால்ல சார், இங்கேர்ந்தே பாக்குறோம்" என்றார் அவளுடைய அப்பா.

மறுவாரம் அளவு டேப் ஒன்று வாங்கினேன். மேடை, பாட்டு, பரிசு எல்லாம் அப்புறம், முதலில் கேட். மூன்றடி வழி இருந்தால்தான் நாற்காலியைத் தள்ளுகிறவர் கை இடிக்காது. பல பூங்காக்களில் குப்பை வண்டிக்கென்று ஒரு பெரிய கேட் இருக்கும், பூட்டியபடி. சாவி வாட்ச்மேனிடம். தேனாம்பேட்டை மண்டல அலுவலகத்துக்கு எழுதும் அனுமதிக் கடிதத்தில், 'பெரிய கேட்டைத் திறந்துவைக்கவும்' என்று இப்போது ஒரு வரி சேர்க்கிறேன்.

அடுத்தது நேரம். காலை ஏழு மணி என்றால் வாக்கிங் போகிறவர்கள்தான் வருவார்கள். ஞாயிறு காலையில் ஒரு வீட்டில் சர்ச், இன்னொரு வீட்டில் மீன் வாங்க ஜாம்பஜார், வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவும் வேலை நாள். அதனால் மாலை நாலரைக்கு ஆரம்பித்து மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்கு முன்னால் முடித்துவிடுவோம். நோன்பு மாதத்தில் கூட்டவே மாட்டோம். அந்த நேரத்தில் பெண்கள் நோன்புக் கஞ்சி வேலையில் இருப்பார்கள்.

மைக் விஷயத்தில் மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காதான் பாடம். அங்கே ஞாயிறு காலைகளில் சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமலே கச்சேரி செய்வார்கள். கேட்பவர்கள் கிட்டே நகர்ந்து உட்காருவார்கள். இரைச்சல் தாங்காத ஆட்டிசக் குழந்தைகளுக்கு அது நிம்மதி. காது மந்தமானவர்களுக்கோ கஷ்டம். அவர்களுக்கு முன்வரிசையை ஒதுக்குகிறோம். ஒருவருக்குத் திறக்கும் வழி இன்னொருவருக்கு அடைபடாமல் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

ஒருமுறை செய்து முடித்துவிடுகிற வேலையும் இல்லை இது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலை வரை போக மரப்பாதை போட்டு 2022 நவம்பர் 27இல் திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. 'வீண்செலவு' என்றவர்கள் உண்டு. புயலில் ரோடு பெயர்ந்தால் யாரும் ரோடே வீண் என்பதில்லை.

அந்தச் சிறுமி மூன்றாவது கூடுகைக்கு வந்தாள். பெரிய கேட் வழியாக நேராக உள்ளே. நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "அங்கிள், பாத்ரூம் எங்க?"

டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசற்படி ஆறு அங்குலம்.