வேதாளத்தின் நிபந்தனை

வேதாளத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தன்னைத் தோளில் சுமந்து போகிற ராஜா வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அது முருங்கை மரத்துக்கே போய்த் தொங்கிக்கொள்ளும். ஆனால் அது கதை சொல்லி முடித்துக் கேள்வி கேட்கும்போது, விடை தெரிந்தும் சும்மா இருந்தால் தலை சுக்குநூறாகிவிடும். பேசினாலும் ஆபத்து, பேசாவிட்டாலும் ஆபத்து. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் கதாசரித்சாகரத்தில் சேர்த்து எழுதிய கதைகள் இவை. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இவற்றைத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓவியர் சங்கர் வரைந்த அந்த ராஜாவை, கையில் வாளும் தோளில் பிணமுமாக நடப்பவரை, எங்கள் தலைமுறையில் மறந்தவர் இருக்க முடியாது.

வேலூர் பாகாயத்தில் இருக்கும் என் தங்கை மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அந்த வேதாளத்தை ‘ஸ்க்ராட்ச்’சில் செய்திருக்கிறாள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007இல் பிள்ளைகளுக்காக வெளியிட்ட நிரல்மொழி அது. வண்ணக் கட்டங்களை ஒன்றோடொன்று கோத்தால் திரையில் உருவங்கள் நடக்கும், பறக்கும். அதில் மைக்கில் விழும் சத்தத்தை அளந்து சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. ராஜா சுடுகாட்டைக் கடக்கும்வரை விளையாடுகிறவர் மூச்சுக் காட்டக் கூடாது. சத்தம் 10ஐத் தாண்டினால் வேதாளம் விர்ரென்று கிளம்பிவிடும்.

“ஃபேன் சத்தத்துக்கே ஓடிடுது பெரியம்மா,” என்றாள். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு விளையாட யாரால் ஆகும்? எல்லையை 30 ஆக்கினாள். அதன்பின் வேதாளம் மனிதக் குரலுக்கு மட்டும் பறந்தது. விளையாட வந்து எதிரே உட்கார்ந்த பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேண்டுமென்றே ஒருவன் இன்னொருவனைச் சிரிக்க வைத்தான். திரையில் இருந்தது இறக்கை ஒட்டிய ஒரு சாம்பல் நிறக் கிறுக்கல்தான். ஆனாலும் அது வேதாளமேதான். சினிமாவில் எத்தனையோ அழகான வேதாளங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எதுவும் என்னை வாய்மூட வைத்ததில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் கதைகளில் வரும் உருவங்களுக்கு உயிர் அவற்றின் கோரைப் பல்லிலோ விரித்த சடையிலோ இல்லை. அவை விதிக்கும் விதியில் இருக்கிறது. மோகினி சுண்ணாம்பு கேட்பாள், கையால் கொடுக்கக் கூடாது. உச்சி வேளையில் புளியமரத்தடியில் நிற்கக் கூடாது. இரவில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. உருவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லலாம், விதியை மாற்றிச் சொன்னால் கேட்கிற குழந்தையே திருத்தும். கணினி விளையாட்டும் முழுக்க முழுக்க விதிகளால் ஆனது. அதனால் புத்தகத்தையும் படத்தையும்விட இந்தக் கதைகளுக்கு அது நெருங்கிய சொந்தம் என்றே நினைக்கிறேன்.

பார்க்கிறவரையும் வேலை வாங்கும் கலை நமக்குப் புதிதும் அல்ல. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், 12ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஒரே தலையில் காளையையும் யானையையும் சேர்த்து வைத்திருக்கிறான். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. மறைக்கும் கை நம்முடையது. எங்கள் வேலூர்க் கோட்டையில் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளிகளும் அப்படித்தான். எதிரே நின்றால் பாய வருகின்றன. பக்கவாட்டில் நகர்ந்தால் முதுகில் இருக்கும் வீரன் தெரிகிறான். தூணைச் சுற்றி வராதவருக்குப் பாதிதான் கிடைக்கும். கொல்லிப்பாவை இன்னும் ஒரு படி மேலே. சங்கப் பாடல்களில் பேசப்படும் அந்தப் பாவை, பகைவர் நெருங்கினால் தானாகவே சிரித்து மயக்கிக் கொல்லும் என்பது மரபு. ஆள் வருவதை உணர்ந்து அசையும் சிலையை நம்மவர் எப்போதோ கற்பனை செய்துவிட்டார்கள்.

ஆனால் எல்லாக் கணினி விளையாட்டும் அப்படி நெருங்கி வருவதில்லை. 2016இல் ‘போக்கிமான் கோ’ என்ற விளையாட்டு வந்து ஊரெல்லாம் செல்பேசியும் கையுமாக அலைந்தது நினைவிருக்கும். அது எனக்கு ஒட்டவில்லை. கோட்டை அகழியருகே நிற்கிற பிராணிக்கும் காட்பாடி ரயில் நிலையத்தில் நிற்கிற பிராணிக்கும் அதில் விதி ஒன்றுதான்; பந்தை எறிந்தால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். நான் மதிப்பது 2014இல் வெளிவந்த ‘நெவர் அலோன்’ என்ற விளையாட்டை. அலாஸ்காவின் இனூப்பியாக் மக்களுடைய கதை அது. ராபர்ட் நஸ்ருக் கிளீவ்லண்ட் என்ற கதைசொல்லி சொன்னதை, அவர் மகள் மின்னி கிரேயின் ஒப்புதலோடு எடுத்தாண்டார்கள். அலாஸ்காவின் பழங்குடிக் குழுமம் ஒன்றே தயாரிப்பில் பங்காளி, இனூப்பியாக் பெரியவர்கள் உடனிருந்தார்கள், கதை அவர்கள் மொழியிலேயே சொல்லப்படுகிறது. நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் பனிப்புயலுக்குள் போகிறார்கள். துணை ஆவிகள் நரி பக்கத்தில் வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். சிறுமி தனியே போனால் வெறும் காற்றுதான். அந்த ஒரு விதியில், மனிதன் தனித்து வாழ முடியாது என்ற அம்மக்களின் எண்ணம் முழுவதும் இருக்கிறது. விளக்கம் சொல்லத் தேவையே இல்லை.

பெரியவர்களைக் கேட்டுச் செய்வது என்றால் என்ன என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். வேதாளத்துக்குப் பிறகு, முனியை எதிரியாக வைத்து அடுத்த கட்டம் செய்யப் போவதாகத் தங்கை மகள் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா பதறிவிட்டார். பச்சையம்மன் கோயிலில் வாழ்முனி, செம்முனி, சடாமுனி என்று ஆளுயரத்துக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற காவல் தெய்வங்கள் அவை. கும்பிடுகிறவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். “முனியை அடிக்கிற மாதிரி வைக்காதடி. அவர் எல்லையைக் காக்கிறவரு. நீதான் அவரைக் கேட்டுட்டுத் தாண்டணும்.”

அவள் கொஞ்சம் முறைத்துக்கொண்டாள். சண்டை இல்லாவிட்டால் பையன்கள் விளையாட மாட்டார்கள் என்றாள். அம்மா விடவில்லை. எல்லையில் எப்படி நிற்க வேண்டும், எதைக் கையில் கொண்டு போகக் கூடாது, என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கே பாதி தெரியாது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். இப்போது அந்தக் கட்டத்தில் முனி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஓடி வருகிறவர் செருப்போடு தாண்டப் பார்த்தால், தொடங்கிய இடத்துக்கே போய்விடுவார். கழற்றுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. எது என்று அவள் யாருக்கும் சொல்வதில்லை, பாட்டியிடம் கேட்டுக்கொள் என்கிறாள்.