குளிரில் விறைத்த குடை

ஜனவரி 16, வெள்ளி இரவு

நாளைக் காலை மைனஸ் எட்டு செல்சியஸ் என்கிறார்கள். காற்று அதிகம் இருக்காதாம். அது போதும். மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்றடித்தால் யாரும் ஏவக் கூடாது என்பது பொழுதுபோக்கு ராக்கெட்காரர்களின் விதி. குளிருக்கு விதி ஏதும் இல்லை. அவரவர் உடம்பு, அவரவர் பாடு.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நானும் மகளும் உட்கார்ந்தோம். இரண்டு மாதமாகக் கட்டிய ராக்கெட். அட்டைக் குழாய், பால்சா மரத்தில் மூன்று சிறகு, பிளாஸ்டிக் மூக்கு. ரோஸ் நிறம் அடிக்கலாம் என்றாள். ராக்கெட் என்றால் வெள்ளைதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தீப்பிடிக்காத மெல்லிய தாளைக் கசக்கிக் குழாய்க்குள் தள்ளி, அதன்மேல் ஆரஞ்சு பிளாஸ்டிக் பாராசூட்டை மடித்துச் சுருட்டித் திணித்து, மூக்கை மாட்டிவிட்டேன். நாளைக்கு அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றி யார் மடிப்பது?

ராக்கெட் காரிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன். மோட்டார்கள் மட்டும் வீட்டுக்குள். குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டால் உள்ளே இருக்கும் மருந்து சுருங்கி உறையை விட்டு விலகும். பற்றவைத்ததும் வெடித்தாலும் வெடிக்கும்.

ஜனவரி 17, சனி

மக்காச்சோளம் அறுத்த வயல். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே பனி, மேலே பொருக்கு. கால் வைத்தால் ஒரு கணம் தாங்கி, பிறகு மொறுக்கென்று உள்ளே வாங்கிக்கொள்கிறது. பத்துப் பன்னிரண்டு கார்கள்தான் வந்திருந்தன. ஏவுவதற்கான 12 வோல்ட் பேட்டரியைப் பழைய கம்பளியில் பச்சைக் குழந்தையைப்போல் சுற்றி வைத்திருந்தார்கள்.

சோதனை மேசையில் இருந்தவர் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறகுகளை ஆட்டிப் பார்த்தார், மூக்கை இழுத்துப் பார்த்தார். “பாராசூட்டை எப்போது மடித்தீர்கள்?” என்று கேட்டார். நேற்று ராத்திரி என்றேன். “எடுத்து உதறி மறுபடி மடியுங்கள். இந்தக் குளிரில் பிளாஸ்டிக் மடிப்பை மறக்காது” என்றார். தலையாட்டினேன். எடுக்கவில்லை.

மோட்டாரின் மேல் சி6-5 என்று அச்சடித்திருக்கும். எழுத்து, மொத்த உந்தலின் அளவு. ஏ-யிலிருந்து ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும். சி என்றால் 10 நியூட்டன்-நொடி. 6 என்பது சராசரி உந்துவிசை. 5 என்பது, எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் சின்ன வெடிப்புக்கு முன் காத்திருக்கும் நொடிகள். உள்ளே இருப்பது நம்மூர் தீபாவளி ராக்கெட்டில் இருக்கும் அதே கருமருந்துதான்: வெடியுப்பு, கரி, கந்தகம். அது நேராகப் போகக் குச்சி, இது நேராகப் போகச் சிறகு. இந்த மாதிரி மோட்டாரை 1954-இல் உருவாக்கியவர் ஆர்வில் கார்லைல், நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் வீட்டில் மருந்து இடித்து விரலை இழக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கி மாட்டினால் போதும்.

ஐந்து, நான்கு, மூன்று என்று எல்லோரும் எண்ணினோம். மகள் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. பாதுகாப்புச் சாவியைப் பிடுங்கிவிட்டு 60 நொடி யாரும் கிட்டே போகக் கூடாது. அணைந்த திரியை எட்டிப் பார்க்கப்போய்ப் புருவம் பொசுங்கியவன் நான். அந்த ஒரு நிமிடம் எனக்காகவே எழுதிய விதி என்று தோன்றியது. போய்ப் பார்த்தால் பேட்டரிக் கம்பியை மோட்டாரோடு இணைக்கும் கிளிப்பின் பல்லில் பனித்துகள். துடைத்து மாட்டினோம்.

இந்த முறை கிளம்பியது. ஸ்ஸ் என்று ஒரு சீறல், வெள்ளைப் புகைக்கோடு, அவ்வளவுதான். மேலே டப் என்று சின்னச் சத்தம். மூக்கு கழன்றது தெரிந்தது. அதன் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு உருண்டை. விரியவில்லை.

“அப்பா, அது திறக்கவே இல்லப்பா!”

வீடியோ எடுத்தாயா என்றால், போன் குளிரில் அணைந்துபோய்விட்டதாம். திட்ட வாய் வரவில்லை. இங்கிருந்து அரை மணி ஓட்டத்தில் இருக்கும் ஆபர்ன் ஊரில், 1926 மார்ச் 16 அன்று ராபர்ட் காடர்டும் இதேபோல் பனி கிடந்த பண்ணையில்தான் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவினார். 41 அடி உயரம், இரண்டரை நொடி. 184 அடி தள்ளி முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. படம் பிடிக்க நின்ற மனைவி எஸ்தரின் கேமரா, ஒருமுறை சாவி கொடுத்தால் ஏழு நொடி ஓடும். ராக்கெட் நிலத்தை விட்டு எழும்புவதற்குள் அது ஓடி முடிந்துவிட்டது. அந்தக் கணம் படத்தில் இல்லை. இன்னும் இரண்டு மாதத்தில் நூறு ஆண்டு ஆகிறது. அங்கே இப்போது கோல்ஃப் மைதானமும் ஒரு நினைவுக் கல்லும்.

வெள்ளைப் பனியில் வெள்ளை ராக்கெட்டைத் தேடினோம். அரை மணி நேரம். மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோஸ் என்ற சொல்லை அவள் வாயைத் திறக்காமலே சொன்னாள். கடைசியில் அவள்தான் கண்டாள். பொருக்கில் எலி வளைபோல் ஒரு ஓட்டை. கையை விட்டால் குழாய் அப்படியே வந்தது, சிறகு மூன்றும் முழுசாக. பாராசூட் சீடை மாதிரி கையில் உருண்டது. மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் படபடத்து, விட்டதும் பழையபடி மடிந்துகொண்டது.

பட்டறைப் பெரியவர் எதுவும் கேட்கவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு டால்கம் பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினார். பாராசூட்டைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக் கொஞ்ச நேரம் நடந்தேன். பிறகு மகள் அதை விரித்துப் பிடிக்க, பிள்ளைக்குப் பூசுவதுபோல் பவுடர் போட்டு, தளர்வாக மடித்து வைத்தேன். மூக்கை மாட்டிய கையோடு ஏவுகம்பிக்குப் போனோம்.

இரண்டாவது முறை டப் என்ற இடத்தில் ஒரு பவுடர் மேகம், அதிலிருந்து முழு வட்டமாக ஆரஞ்சுக் குடை. எல்லோரும் கை தட்டினார்கள். மேலே காற்று இருந்திருக்கிறது. குடை அவசரமில்லாமல் வயலைத் தாண்டி, வேலியைத் தாண்டிப் போய், இலையில்லாத ஒரு ஓக் மரத்தின் உச்சிக்கிளையில் உட்கார்ந்தது.

உயர மரத்தில் மாட்டினால் ஏறக் கூடாது. அதுவும் விதி.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் மகள் கேட்டாள் என்று மறுபடி வண்டி ஓட்டிப் போனோம். அங்கேயேதான் இருக்கிறது. மைனஸ் பத்தில் ராத்திரி முழுக்கத் தொங்கியும் குடையில் ஒரு சுருக்கம் இல்லை, விறைப்பாக விரிந்து நிற்கிறது. பெருங்காற்று அடித்தால் விழலாம்.

திரும்பும் வழியில் பெயின்ட் கடையில் நிறுத்தச் சொன்னாள்.