தோற்ற அசுரன் என்ன செய்வான்?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, கதையை வாயாலேயே நடத்துகிற விளையாட்டு ஒன்று உண்டு. 1974-ல் அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கைகாக்ஸ், ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்களின் கைவண்ணம். பெற்றோர்களின் எதிர்ப்புக்குப் பயந்து, 1989 பதிப்பில் 'டீமன்' என்ற பெயரையே மாற்றிவிட்டார்கள்!

வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி வரை அது வந்துவிட்டது. "மாமா, அஞ்சு பேரும் அசுரனுங்க. லீவு முழுக்க ஒருத்தனை ஒருத்தன் கவுக்கணும். எந்த ரூல்ஸ் எடுக்கலாம்?" என்றான் அக்கா மகன். போன லீவில் முதல் நாளே 'செத்துப்போன' பையன் அப்புறம் எட்டிப் பார்க்கவே இல்லையாம்.

டன்ஜன்ஸில் எல்லோரும் ஒரே கட்சி; அசுரர்களுக்கு ஒத்துவராது. 1984-ல் வந்த 'பாரனாயா'வில் காட்டிக்கொடுப்பதுதான் ஆட்டமே. செத்தால் உடனே அடுத்த நகல் வந்துவிடும். ஆனால், ஒரு ராத்திரி சிரிக்கத்தான் சரி. ஒரு மாசம் தாங்காது.

"ரூல்ஸ் புஸ்தகத்துல ஒண்ணே ஒண்ணு பாருடா. தோத்தவன் மறுநாள் என்ன செய்வான்?" என்றேன்.

சூரசம்ஹாரத்தில் பதில் இருக்கிறது. மாமரமாய் நின்ற சூரனை வேல் பிளந்தது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். ஒன்று முருகனுக்கு வாகனம், இன்னொன்று கொடி. தோற்றவனை வெளியே அனுப்பாமல் வேறு வேலை கொடுக்கிற ரூல்ஸ் எதுவோ, அதை எடுங்கள். புஸ்தகத்தில் இல்லையா? ஒரு வரி நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் ஐந்து பேர் வந்தால்தானே ஆட்டம்!