வளையத்துக்கு ஏற்ற குறடு

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துச் சந்துகளில் நடந்து போகிற எவருக்கும், லேத் ஓடும் ஓசையும் எண்ணெய் வாடையுமே அந்த ஊரின் ஜீவனம் எதில் இருக்கிறது என்பதை அறிவித்துவிடும். 1888-ஆம் ஆண்டில் அங்கே முதல் பஞ்சாலை ஸ்தாபிதமாயிற்று, 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் ஆலைகள் பெருகின, 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் அங்கேயே மின்சார மோட்டாரை உருவாக்கிக் காட்டினார்கள். யந்திரம் செய்தவர்களின் கீர்த்தியைச் சரித்திரம் இவ்வாறு பதிந்து வைத்திருக்கிறது. செய்த யந்திரம் நின்று போகும்போது அதைப் பிரித்து, குற்றம் கண்டு, மறுபடியும் பூட்டி ஓடவிடுகிற தொழிலாளர்களைப் பற்றியோ எழுதுகிறவர்கள் சொற்பம். அவர்களுடைய கைத்திறனை அருகிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆவலினால், கியர் பெட்டிகளையும் மோட்டார்களையும் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் ஒரு பகற்பொழுது தங்கியிருந்தேன்.

நான் போன வேளையில், நூற்பாலை ஒன்றிலிருந்து வந்த கியர் பெட்டி மேஜைமேல் திறந்து கிடந்தது. அதன் ஷாஃப்டில் ஏறியிருந்த பேரிங் நகராதபடி காத்து நின்றது கருநிறமான ஒரு சிறு வளையம். பட்டறைகளில் சர்க்கிளிப் என்று வழங்கும் அந்த வளையம், ஸ்பிரிங் எஃகுத் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, ஓரிடத்தில் வாய் திறந்து, அந்த வாயின் இரு முனைகளிலும் ஒவ்வொரு துளையுடன் இருக்கும். ஷாஃப்டின் மேல் கடைந்த காடியில் உட்காருவது ஒரு வகை. குழிவான துவாரத்தின் உட்சுவரில் கடைந்த காடியில் உட்காருவது மற்றொரு வகை. ஆணியும் திருகும் இல்லாமல், தன் இறுக்கத்தினாலேயே பிடித்து நிற்பதுதான் அதன் விசேஷம். 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்குரிய வளையத்தின் தடிப்பு 1.2 மில்லிமீட்டர், காடியின் குறுக்களவு 23.9, வளையத்தின் உள்ளளவோ, சும்மா இருக்கும்போது 23.2. அந்த முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசமே காடியை இறுகப் பற்றுகிற பலமாகிறது.

இந்த வளையத்தைக் கழற்றவும் மாட்டவும் பிறந்த உபகரணமே சர்க்கிளிப் பிளையர். ஷாஃப்ட் வளையத்துக்குரிய குறட்டின் பிடியை அழுத்தினால் மூக்கு விரியும். துவாரத்து வளையத்துக்குரியதன் பிடியை அழுத்தினால் மூக்கு குவியும். நேர் மூக்கு, வளைந்த மூக்கு என்று இரண்டிலும் பேதம் உண்டு. ஆழமான இடத்திலோ, பக்கத்தில் சுவர் மறிக்கிற இடத்திலோ வளைந்த மூக்கு இன்றி வேலை நடவாது. அந்தப் பட்டறை மேஸ்திரியின் சுவர்ப் பலகையில் இந்த நான்கு வகையும் அளவுவாரியாகத் தொங்கின.

அவர் எந்தக் குறட்டை எடுக்கப் போகிறார் என்று கவனித்தேன். 10 முதல் 25 மில்லிமீட்டர் வரையுள்ள ஷாஃப்டுக்கு 1.3 மில்லிமீட்டர் மூக்கும், 19 முதல் 60 வரை 1.8 மூக்கும், 40 முதல் 100 வரை 2.3 மூக்கும் வழக்கம். மேஜைமேல் இருந்த 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு முதல் இரண்டுமே பொருந்தும் என்று அளவுப் பட்டியல் சொன்னாலும், அவ்வளையத்தின் துளை 2 மில்லிமீட்டர் ஆதலால், 1.8 மூக்கையே அவர் எடுத்தார். மூக்கு துளையின் அடிவரை இறங்கி, ஆட்டமின்றி நிற்க வேண்டும் என்பதே அவருடைய சித்தாந்தம். மூக்கை மாற்றி மாற்றிப் பூட்டிக்கொள்ளும் மலிவுக் குறடுகள் அவர் பலகையில் ஒன்றுகூட இல்லை. பலமான வளையத்தில் அவற்றின் மூக்கு வளைந்தோ முறிந்தோ போகிறது என்றார்.

கழற்றுவதற்கு முன், எதிரே நின்ற பையனைப் பார்த்து, "கண்ணாடியப் போட்டுக்க சாமி" என்றார். பிறகு இடக்கையில் துணியை எடுத்து வளையத்தின் மேல் அணைத்தாற்போல் வைத்துக்கொண்டு, வலக்கையால் பிடியை மெல்ல அழுத்தினார். வளையம் விரிந்து, காடியை விட்டு ஏறி, துணிக்குள் அடங்கிற்று. "இதுக்கு அவசரம் ஆகாதுங்க. ஷாஃப்டத் தாண்டுற அளவுக்குத்தான் விரிக்கோணும். அதுக்கு மேல விரிச்சா அப்புறம் பிடிக்காதுங்க" என்று எனக்கு விளக்கினார். அளவுக்கு மிஞ்சி விரிந்த வளையம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வேகமாகச் சுழலும் ஷாஃப்டில் அது மேலும் விரிந்து கழன்றுவிட்டால், பேரிங் நகர்ந்து, பல்சக்கரங்கள் ஒன்றையொன்று அரைத்து, கியர் பெட்டியே நாசமாகிறது. ஆகையால், கழற்றியதை ஒதுக்கிவிட்டுப் புதியதையே மாட்டுவது அவர் வழக்கம்.

புதிய வளையத்தை மாட்டுமுன் அவர் செய்த காரியம் என் நினைவில் நிலைத்துவிட்டது. விரல்நகத்தால் அதன் இரு விளிம்புகளையும் தடவிப் பார்த்தார். அச்சில் வெட்டப்பட்ட வளையத்துக்கு ஒரு பக்க விளிம்பு சற்று மழுங்கியும் மறுபக்க விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். மழுங்கிய பக்கம் பேரிங்கை நோக்கவும், கூரிய விளிம்பு சுமை தாங்கும் காடிச் சுவரில் பதியவும் வேண்டும். மாறிப் போனால் பளு அதிகரிக்கையில் வளையம் காடியிலிருந்து ஏறிவர இடமுண்டு. மாட்டிய பிறகு குறட்டாலேயே வளையத்தைச் சிறிது சுற்றிப் பார்த்து, காடியில் முழுவதும் உட்கார்ந்ததென்று நிச்சயம் செய்துகொண்டுதான் அவர் அடுத்த வேலைக்குப் போனார்.

இத்தனை சூட்சுமம் நிறைந்த வேலையை எத்தனையோ பட்டறைகளில் இரண்டு ஸ்க்ரூ டிரைவர்களையும் ஓர் ஆணியையும் கொண்டு நடத்துகிறார்கள். நெம்பப்பட்ட வளையம் எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல இயலாது. அதன் பாதையில் மனிதனுடைய கண் இருந்துவிட்டால் நஷ்ட ஈடு ஏது? காடியின் விளிம்பு சிதைந்துவிட்டால் ஷாஃப்டே பாழ். ஒரு நாள் கூலிக்குள் அடங்கக்கூடிய ஒரு கருவியை வாங்க மனமில்லாத சிக்கனம், தொழிலாளியின் பார்வையைப் பணயம் வைக்கிற சிக்கனமேயாகும்.

பட்டறை முதலாளிகளை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: துவாரத்து வளையத்துக்கும் ஷாஃப்ட் வளையத்துக்கும் உரிய குறடுகளைத் தேவையான அளவுகளில் வாங்கி வையுங்கள், மூக்கு தேய்ந்ததைத் தயங்காமல் விலக்குங்கள், கண்ணாடியின்றி ஒரு பையனையும் அந்த மேஜையருகே நிற்க விடாதீர்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிக்கும் ஆசிரியர்களும், வளையத்தின் எந்தப் பக்கம் எதை நோக்க வேண்டும் என்பதை மாணவனின் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் செய்து கற்பிக்க வேண்டும்.