ஆள் தெரிந்த மேஸ்திரி

கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் அரிசி ஆலை. போன வருஷம் புழுங்கல் பிரிவுக்கு அவசரமாக ஆள் வேண்டியிருந்தது. எல்லா வேலைக்கும் ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி மூலம் ஒரு பையனை வைத்தேன். ஈரம் போகாத நெல்லை அரவைக்கு விட்டுவிட்டான், பாதிக்குமேல் நொய். நல்ல பையன், நெல்லோடு பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் மில் வேலைக்கு மட்டுமே ஆள் பார்க்கும் மேஸ்திரியிடம் போனேன். வேலைக்கு வந்தவர்களிடம் ஊர், படிப்பு எதுவும் அவர் கேட்கவில்லை. களத்திலிருந்து நாலு நெல்மணியை எடுத்து நீட்டினார். "கடிச்சுப் பாருப்பா, இன்னும் எவ்வளவு நேரம் காயணும்?" சரியாகச் சொன்னவர் இரண்டே பேர். பாய்லருக்கு வந்தவரிடம் முதலில் தகுதிச் சான்றிதழைக் கேட்டார். மேஸ்திரிக்குக் கொடுத்த கமிஷன் எனக்குச் செலவாகவே தெரியவில்லை.

ஆள் பிடிப்பவர் என்றாலே எங்கள் பக்கம் பயம் உண்டு. அட்வான்ஸ் கொடுத்து மலைவாழ் மக்களைச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போன புரோக்கர்களைப் பார்த்த மாவட்டம் இது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லி, தமிழ்த் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மேஸ்திரியோ, என்ன வேலை, என்ன கூலி, எங்கே தங்கல் என்று இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுகிறார்.

2024 ஜூனில் விஷச் சாராயத்தில் இங்கே செத்தவர்களில் பலர் தினக்கூலிகள். சம்பாதிக்கும் ஆளை இழந்த வீடுகள் எவையென்று மேஸ்திரிக்குத் தெரியும். சாக்கு தைக்க ஆள் கேட்டபோது, முதலில் அந்த வீடுகள் இருக்கும் தெருவுக்குத்தான் நடந்தார்.