ரங்கூன் தாத்தா யார்?

எண்ணூர் பர்மா நகரில் அப்பத்தா வீட்டுச் சாமி மாடத்தில் முருகனுக்கும் மாரியாத்தாளுக்கும் நடுவே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். தலையில் பர்மாக்காரர்கள் கட்டும் துண்டு, இடுப்பில் லுங்கி, நீட்டிய ஆள்காட்டி விரல். ஆடி வெள்ளிக்கு மற்றச் சாமிகளோடு இவருக்கும் ஒரு சந்தனப் பொட்டு உண்டு. “யாரு அப்பத்தா இது?” என்றால், “ரங்கூன் தாத்தாடா, கும்பிட்டுக்க” என்று முடித்துக்கொள்ளும். அப்பத்தா போன பின் பாத்திரம் பண்டம் பிரித்தபோது அந்தப் படத்தை யாரும் கேட்கவில்லை. என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் குடும்பத்தைப் போலப் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் கதை வடசென்னையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1962இல் ராணுவத் தளபதி நே வின் அங்கே ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின, ஐம்பது, நூறு ‘சாட்’ நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பல் கப்பலாக மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் வியாசர்பாடி, எண்ணூர் என்று அங்கங்கே தங்கினார்கள். 1969இல் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் முளைத்தது. அத்தோவும் மொய்ங்காவும் நம் ஊர்ப் பலகாரங்களாகிவிட்டன. ஆனால் அவர்களோடு எந்தச் சாமி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடைக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்தவுடன், “இது நாட் சாமி. சூலே பயாவுல நிக்கும்” என்றார். நாட் என்றால் பர்மியக் காவல் தெய்வம், பயா என்றால் புத்த ஸ்தூபிக் கோயில். வியாசர்பாடிப் பெரியவர் ஒருவருக்கு அதில் உடன்பாடில்லை. “உங்க அப்பத்தா வீட்டுக்காரரு மூட்டை தூக்குன ஆளு. ஆத்தோரமா ஹார்பர் பக்கத்துல ஒரு பயா இருக்கு. அங்கதான் போயிருப்பாரு” என்றார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அந்த அரிசியை ரங்கூன் துறையில் கப்பலேற்றிய முதுகுகளில் பெரும்பாலானவை தெலுங்கர், தமிழர் முதுகுகள்.

யார் சொன்னது சரி என்று பார்க்க, கோவிட்டுக்கு முந்தைய வருடம் பாங்காக் வழியாக யாங்கோன், அதாவது பழைய ரங்கூன், போனேன். விடை விமானத்திலேயே கிடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த தாய்லாந்துப் பெண்மணியின் கழுத்துச் சங்கிலியில் அதே ஆள், அதே விரல்! அவர்கள் ஊரில் இவருக்குத் ‘தேப் தன் சாய்’ என்று பெயராம். கேட்டதை உடனே கொடுப்பவராம். அவரைப் பார்க்கத்தான் ஒரு பட்டாளமே டூர் கிளம்பியிருந்தது. இறங்கியதும் அவர்கள் போன இடம் போதத்தாங் பயா. பின்னாலேயே நானும் போனேன்.

யாங்கோன் ஆற்றங்கரையில், படகுத்துறையை ஒட்டியே இருக்கிறது கோயில். ரங்கூன் தாத்தாவின் பெயர் போ போ ஜீ, பயாவின் காவல் தெய்வம். எல்லைக் கருப்பு போல, உள்ளே இருக்கும் புத்தருக்கு இவர் வெளிக்காவல். வரிசையில் நின்றவர்கள் கையில் குலை வாழைப்பழமும் பச்சைத் தேங்காயும். நம் அர்ச்சனைத் தட்டேதான், உடைப்பது மட்டும் இல்லை. தாய்லாந்துக்காரர்கள் இரண்டு நோட்டைச் சுருட்டி அவர் கையில் செருகி, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த விரல் நுனியில் நெற்றியை முட்டி நிற்கிறார்கள். விரல் ஏன் நீண்டிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

புத்தரின் தலைமுடி இந்தியாவிலிருந்து கடல் வழியாக வந்து இந்தக் கரையில்தான் இறங்கியது, ஆயிரம் படைத்தலைவர்கள் காவல் நின்றார்கள் என்பது தலபுராணம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டடத்துக்கோ நூறு வயதுகூட ஆகவில்லை. 1943 நவம்பர் 8 அன்று நேச நாடுகளின் விமானங்கள் துறைமுகத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டில் பழைய பயா தரைமட்டமானது. இடிபாட்டைத் தோண்டியபோது புதையறையும் அதற்குள் பேழையும் கிடைத்தன. அதுவரை மறைந்திருந்தவற்றைக் குண்டுதான் காட்டிக்கொடுத்தது. பெரும்பாலான பயாக்கள் உள்ளே கெட்டியானவை. இதை உள்ளே நடக்கும்படி கூடாகக் கட்டினார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த குறுகலான வளைவுப் பாதையில் போனால் நடுவில் தங்கப் பேழை தெரிகிறது. ஜிகினா கொஞ்சம் அதிகம்தான். குளத்தில் ஆமைகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அவைதான்.

மெட்ராஸுக்குப் பௌத்தம் வேறு வழியிலும் வந்திருக்கிறது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898இல் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்து, மெட்ராஸில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அது படித்து, வாதாடி, சாதியை மறுத்துச் சேர்ந்த பௌத்தம். எங்கள் வீட்டுக்குள் வந்ததற்கு வாதம் எதுவும் கிடையாது. துறைமுகத்தில் வேலைக்குப் போனவர்கள் அந்தத் துறைக்குக் காவல் நின்றவரைக் கும்பிட்டார்கள், அவ்வளவுதான். அதற்காக அதை மதநல்லிணக்கம் என்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. இதே துறையில்தான் 1930 மே மாதம் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, முதலாளிகள் அவர்கள் இடத்தில் பர்மியர்களை இறக்கினார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கலவரம் வெடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதிகமும் இந்தியர்கள். ஒரே சாமியைக் கும்பிடுவது அதைத் தடுக்கவில்லை.

வாசலில் தட்டு விற்ற ஒரு தமிழ் அம்மாவிடம் செல்போனில் இருந்த அந்தச் சாமிப் படத்தைக் காட்டினேன். பின்னணியில் வெறும் சுவர்தான். இப்போதிருக்கும் ஜொலிக்கிற மண்டபம் இல்லை. இங்கே எடுத்த படம்தானா என்று கேட்டேன்.

“இங்கதான் தம்பி. அப்ப மண்டபமெல்லாம் ஏது? ஊருக்குப் போறவக இவரக் கும்பிட்டுட்டுத்தான் கப்பலேறுவாக. வாசல்ல படம் விக்கும், ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கிட்டாக” என்றார். பழத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, “நகையும் காசும் கொண்டுபோக விடலையே. இத யாரு புடுங்கப் போறா?” என்றவர், என் தட்டுக்கு எவ்வளவு என்று பர்மிய மொழியிலேயே சொன்னார்.