ராட்சச இலையும் ரெண்டு ரகசியமும்

எங்க வீட்டுத் தோட்டத்துக் கடைசியில ஒரு செடி இருக்கு. பேரு குன்னேரா. ஒரு இலை அஞ்சடி அகலம். அதுக்குக் கீழ ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கலாம், ஒதுங்கியும் இருக்கோம். வீடியோ காலில் காட்டினப்ப அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா, இது ஆமணக்கா, சேம்பா?" ரெண்டும் இல்லேம்மா என்றேன். "எதுவா இருந்தா என்ன, குளிக்கிற தண்ணிய அது பக்கம் திருப்பி விடு. நல்லா வரும்" என்றாள். பேரே தெரியாம ஜாதகத்தைச் சொல்லிட்டாங்க பாருங்க. கும்பகோணம் பக்கம் எங்க வீட்டுக் கொல்லையில தண்ணி ஓடி நிற்கிற இடத்தில்தான் சேம்பும் வாழையும் இருக்கும். பெரிய இலைன்னா பெரிய தாகம். அவ்வளவுதான் கணக்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2021 செப்டம்பர்ல, ஆணி புடுங்க வந்த இடத்தில, பிரிஸ்டலுக்குப் பக்கத்துல ஒரு கிராமத்தில இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல. சாவியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நேரா தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கடைசியில ஒரு சின்ன ஓடை, அதோட கரையில இந்தச் செடி. அவங்க கணவர் 1990களில் வாங்கி நட்டதாம். அவர் இப்ப இல்லை. "நவம்பர்ல இதைப் போர்த்தி விடணும், செய்வீங்களா?" என்றார்கள். அந்த வாடகைக்கு யானையைப் பார்த்துக்கச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

போர்த்துறதுன்னா நிஜமாவே போர்த்துறதுதான். முதல் பனி விழுந்ததும் இலையெல்லாம் கறுத்துச் சரிஞ்சுடும். அதையே அறுத்து, குடையைக் கவிழ்த்த மாதிரி கிழங்கோட தலைமேல ஒண்ணு மேல ஒண்ணா கவிழ்க்கணும். உள்ளே குருத்து ஒவ்வொண்ணும் குழந்தைத் தலை சைஸ்ல, இளஞ்சிவப்பு ரோமத்தோட உட்கார்ந்திருக்கும். தண்டு முழுக்க முள். தோல் கையுறை இல்லாம தொட்டீங்கன்னா அப்புறம் ரெண்டு நாளைக்குக் கீபோர்டு தொட முடியாது. வசந்தத்துல பனி பயம் போனதும் போர்வையை எடுத்துட்டு, மக்கின சாணி உரம் போடணும். வேர் எப்பவும் ஈரத்தில இருக்கணும், ஆனா குருத்து தண்ணிக்குள்ள மூழ்கக்கூடாது. இதில் கோட்டை விட்டா அழுகல்தான்.

இவ்வளவு பெரிய உடம்புக்குத் தழைச்சத்து எங்கேருந்து வருதுன்னு தேடினப்பதான் அசந்துட்டேன். இலைக்காம்பு அடியில இருக்கிற சுரப்பிகள் வழியா நாஸ்டாக்னு ஒரு நீலப்பச்சைப் பாசி உள்ளே போய், செடியோட செல்லுக்குள்ளேயே குடியிருக்கு. காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு செடிக்குக் கொடுக்குது. அப்பாகிட்ட சொன்னேன். "நம்ம வயல்ல அசோலா போடுறமே, அதே கதைதான்" என்று ஒரே வரியில முடிச்சுட்டார். அசோலா இலைக்குள்ள இருக்கிறதும் இதே மாதிரி ஒரு பாசிதான். நான் மூணு நாள் படிச்சதை அவர் மூணு செகண்டில் சொல்லிட்டார்.

இப்ப முதல் ரகசியம். 2022 நவம்பர்ல ஆபீஸ்ல ஒரு ரிலீஸ். அடுத்த சனிக்கிழமை போர்த்திக்கலாம், அடுத்த சனிக்கிழமைன்னு தள்ளிப் போட்டேன். டிசம்பர்ல வந்ததே ஒரு குளிர்! ஒரு வாரத்துக்கு மேல ராத்திரியெல்லாம் உறைநிலைக்குக் கீழதான். அடுத்த வசந்தத்துல மூணு குருத்துல ஒண்ணு வரவே இல்லை. விரலால அமுக்கினா பொதபொதன்னு உள்ளே போச்சு. வீட்டுக்கார அம்மா போன்ல செடி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. "நல்லா இருக்கு" என்றேன். தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க.

ரெண்டாவது ரகசியம் நான் பண்ணினது இல்லை. குன்னேராவுல மானிகாட்டா பிரேசில்காரன், டிங்க்டோரியா சிலிக்காரன். சிலியில டிங்க்டோரியா தண்டை உரிச்சு உப்பு தொட்டுத் தின்கிறாங்க. சார்லஸ் டார்வின் கூட அந்த ஊர்ல ஒரு இலையை அளந்து பார்த்து, எட்டடிக்குக் கொஞ்சம்தான் கம்மின்னு எழுதி வச்சிருக்கார். ஆனா அயர்லாந்துல, மேற்குக் கரை அச்சில் தீவுப் பக்கமெல்லாம் அது காடா மண்டி, கீழே வேற எதையும் வளர விடாம பண்ணிடுச்சு. 2017ல ஐரோப்பிய ஒன்றியம் தடை பண்ணினாங்க. அப்ப பிரிட்டனும் உள்ளேதான் இருந்தது, தடை இங்கேயும் தொடருது. மானிகாட்டா மட்டும் நல்ல பிள்ளைன்னு எல்லாத் தோட்டத்துலயும் நின்னுச்சு. எங்க செடியோட அட்டையிலயும் மானிகாட்டான்னுதான் போட்டிருக்கு.

2022ல ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டிகாரங்க ஆராய்ஞ்சு பார்த்தா, இங்கே மானிகாட்டான்னு விக்கிறதெல்லாம் ரெண்டுக்கும் பிறந்த கலப்பாம். விக்டோரியா காலத்துலயே கலந்துடுச்சாம். வச்ச பேரு கிரிப்டிகா, அதாவது மறைஞ்சிருக்கிறது. 2023 டிசம்பர்ல அதுக்கும் தடை பொருந்தும்னு சொல்லிட்டாங்க. ஏற்கனவே நட்டிருந்தா வச்சுக்கலாம். விக்கக்கூடாது, யாருக்கும் கொடுக்கக்கூடாது, பரவ விடக்கூடாது. புது வீடு வாங்கின நண்பனுக்கு ஏப்ரல்ல ஒரு கிழங்கு வெட்டித் தரேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். அது அம்பேல்.

நண்பன் போகட்டும். அந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? கணவர் ஞாபகமா நிக்கிற ஒண்ணை, "இது அது இல்லீங்க"ன்னு. ஒரு மாசம் வாயைத் திறக்கலை. அப்புறம் ஒரு நாள் பூவைப் பார்த்தேன். முழங்கை நீளத்துக்கு மேல, தடிச்ச சோளக்கதிர் மாதிரி. காய்ச்சா லட்சக்கணக்கில விதை. நேரா கீழே ஓடை. போன் பண்ணி வரச் சொல்லிட்டேன்.

அழுகின குருத்தையும் காட்டினேன், பேர் விஷயத்தையும் சொன்னேன். அந்த அம்மா குருத்தைப் பத்தி ஒண்ணுமே கேட்கலை. ரொம்ப நேரம் ஓடையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "இது அந்தாண்டை மேய்ச்சல் நிலம் வழியா ஆத்துக்குப் போகுது" என்றார்கள். அப்புறம், "பூவை மட்டும் வெட்டிடுங்களேன், காய்க்கிறதுக்கு முன்னாடி. வருஷா வருஷம் முடியுமா?" முடியும்னேன். போகும்போது அந்தப் பழைய அட்டையைப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க.

அதிலிருந்து பூ வெட்டுறது என் வேலை. இந்த வருஷம் அஞ்சு பூ. தண்டு கட்டைமாதிரி இருக்கு, தோட்டக் கத்தரிக்கு மசியலை. ரொட்டி வெட்டுற கத்தியைக் காணோம்னு தங்கமணி உள்ளே தேடிக்கிட்டு இருக்காங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை :-)